இரும்பு பொறுக்கும் எல்லை

சீனன்குடாவின் காட்டுக்குள் நிற்கும் எண்ணெய்க் குதங்களைக் கண்டிராத பழைய மாணவர் நம்முள் இரார். பிரித்தானியர் தம் கடற்படையின் தேவைக்கென எழுப்பியவை அவை. தொண்ணூற்றொன்பது குதங்கள் என்பது வழக்கு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10,000 தொன் எண்ணெயைக் கொள்ளத்தக்கது. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருக்கோணமலையைத் தாக்கியபோது குதமொன்று தீக்கிரையாயிற்று. மற்றவற்றுட் பல, போர் முடிந்தபின் நெடுங்காலம் வெறுமையாய்க் கிடந்தன. கொடிகள் படர, வாடைக்கால மழையையும் கச்சான் காற்றின் வெம்மையையும் கடலின் உப்பையும் ஏற்று, மேனி சிவந்து, ஆயினும் அவை நிற்கின்றன.

இதனைக் காணும் ஒருவர், உப்புக்காற்றே இரும்புக்குப் பெரும்பகை என்றும், அதனை இத்துணைக் காலம் வென்று நின்ற இரும்பு வேறெதனையும் வெல்லும் என்றும் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் பிழையானது. இயங்கிக்கொண்டிருக்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையமொன்றில், வெளியே வர்ணம் பூசி மினுமினுக்கும் உருக்குக் குழாய், சில வேளைகளில் ஒரே ஆண்டினுள் உட்புறம் தின்னப்பட்டுத் தாள்போல் மெலிந்துவிடுவதுண்டு. வெறுமையாய் நிற்கும் குதத்தை இயற்கை மட்டுமே தாக்குகின்றது. அது மெல்ல நடக்கும் வேலை. ஆலையின் குழாயையோ நாமே மூட்டிய தீயும், நாமே ஏற்றிய அமுக்கமும், நாமே உட்செலுத்திய அமிலமும் கந்தகமும் தாக்குகின்றன. இவற்றின் அளவு நம் கையில் இருக்கின்றது. எனவே இரும்பின் ஆயுளும் பெரும்பாலும் நம் கையிலேயே இருக்கின்றது. அவ்வளவை எங்கே நிறுத்துவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அமுக்கத்துக்கு எல்லை உண்டு என்பதை எவரும் அறிவர். கொதிகலனின் மீது காப்பு வால்வு ஒன்று இருக்கின்றது; எல்லை மீறினால் அது சீறித் திறந்து ஊரையே எழுப்பிவிடும். அரிப்பின் எல்லைக்கு அத்தகைய வாய் இல்லை. இன்றிரவு ஒருவர் வெப்பநிலையைப் பத்துப் பாகை கூட்டினால் நாளைக் காலையில் எதுவும் வெடிப்பதில்லை. உற்பத்தி சிறிது கூடியிருக்கும், மேலாளரும் மகிழ்ந்திருப்பர். ஈராண்டு கழித்துக் குழாய் பிளக்கும்போது, அவ்விரவு கடமையிலிருந்தவர் வேறோர் ஆலையிற் பணிபுரிவார். குற்றமும் விளைவும் இவ்வாறு தூரப்பட்டு நிற்பதாலேயே அரிப்புக்கு எல்லை வகுத்தல் அமுக்கத்துக்கு வகுப்பதிலும் கடினமாயிற்று.

நம் நாட்டிலுள்ள ஒரே மசகெண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தை உதாரணமாகக் கொண்டால் விடயம் தெளிவாகும். கொழும்புக்கு அண்மையில் சப்புகஸ்கந்தையில் 1969ஆம் ஆண்டு அது தொழிற்படத் தொடங்கியது. ஈரான் நாட்டின் இலகு மசகெண்ணெயை மனத்திற்கொண்டே அதனை அமைத்தனர். அவ்வெண்ணெயில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு கந்தகம். எந்தக் குழாய்க்குச் சாதாரண உருக்குப் போதும், எந்தக் குழாய்க்குக் குரோமியம் கலந்த உருக்கு வேண்டும் என்பன போன்ற முடிவுகளை, வரப்போகும் எண்ணெயின் இயல்பை அறிந்தே பொறியியலாளர் எடுப்பர்.

ஆலை நிலைத்து நிற்க, உலகம் மாறியது. 2012இல் ஈரான்மீது விதிக்கப்பட்ட தடைகளால் அந்நாட்டு எண்ணெய் வருவது தடைப்பட்டது. வேறு நாட்டெண்ணெய்களைத் தேட வேண்டியதாயிற்று. 2021 நவம்பரில் எண்ணெய் வாங்க அந்நியச் செலாவணி இன்றி நிலையம் மூடப்பட்டது. 2022இல் ரஷ்ய நாட்டின் எண்ணெயும் வந்திறங்கியது. கிடைத்ததைக் கொண்டு அடுப்பெரித்த அந்நாட்களில், எண்ணெய் மாறிற்று என்ற செய்தி பத்திரிகைகளில் விலையோடும் அரசியலோடும் பேசப்பட்டது. குழாய்க்கும் அது செய்தியே. ஒவ்வொரு நாட்டெண்ணெயும் தனக்கென ஓர் உப்பளவும் கந்தக அளவும் அமிலத்தன்மையும் உடையது. கந்தகம் குறைந்த எண்ணெய் கலனுக்கு இனிது என்று பொதுப்பட முடிவுசெய்தலும் ஆகாது. உப்பாலோ கரிம அமிலத்தாலோ அது வேறோர் இடத்தைத் தாக்கலாம்.

இவ்வகை நிலையங்களில் உப்பு செய்யும் வேலையைச் சற்று விரித்துக் கூறுவோம். நிலத்தடியிலிருந்து வரும் மசகெண்ணெயில் உப்புநீர்த் துளிகள் கலந்திருக்கும். எண்ணெயை நன்னீரால் கழுவி, மின்புலத்தின் துணையால் அந்நீரைப் பிரிப்பர். எனினும் சிறிதளவு உப்பு தங்கிவிடும். சோற்றுப்பாகிய சோடியங் குளோரைட்டு பெரிதும் தொல்லை தருவதில்லை. மகனீசியங் குளோரைட்டும் கல்சியங் குளோரைட்டும் அவ்வாறல்ல. உலையில் எண்ணெய் 350 பாகை செல்சியசை அண்மிக்கும்போது அவை நீராவியோடு தாக்கமுற்று ஐதரசன் குளோரைட்டு வாயுவை வெளிவிடும். அவ்வாயு உலர்ந்திருக்கும்வரை உருக்கை ஒன்றும் செய்யாது. வடிகோபுரத்தின் உச்சிவரை ஆவிகளோடு சாதுவாக ஏறிச்செல்லும். உச்சியில் ஆவி குளிர்ந்து முதல் நீர்த்துளி தோன்றுகின்றதே, அவ்விடத்தில்தான் ஆபத்து. வந்த வாயுவின் பெரும்பங்கை அச்சிறு துளி தன்னுட் கரைத்துக்கொண்டு கடும் ஐதரோக்குளோரிக்கமிலமாகிவிடும். கோபுரம் முழுவதையும் ஒன்றும் செய்யாத வாயு, துளி விழும் அந்த ஒரு முழ நீளத்தைத் தின்று துளைத்துவிடும்.

இதனை அறிந்தால் எல்லைகள் எங்கே வேண்டும் என்பதும் புலனாகும். கழுவிய எண்ணெயில் எவ்வளவு உப்பு மிஞ்சலாம் என்பது ஓர் எல்லை. கோபுரத்தின் உச்சி வெப்பநிலை, நீர்த்துளி தோன்றும் வெப்பநிலையிலும் குறைந்தது பதினான்கு பாகையேனும் மேலே நிற்க வேண்டும் என்பது பலரும் கைக்கொள்ளும் மற்றோர் எல்லை. குளிர்ந்து சேரும் நீரின் பீஎச் பெறுமானம் 5.5இலிருந்து 6.5வரை நிற்க வேண்டுமென்பது வேறொன்று. அந்நீரிற் கரைந்துள்ள இரும்பின் அளவையும் நாடோறும் பார்ப்பர். இரும்பு கூடினால், எங்கோ குழாய் கரைகின்றது என்பதற்கு அதுவே சாட்சி. முன்னைய மூன்றும் நோய் வாராது காப்பவை. இது நாடி பார்ப்பது போன்றது.

இங்கே கவனித்தற்குரியன இரண்டு. முதலாவது, எல்லைக்கு இரு பக்கமும் உண்டு. அமிலத்தை அடக்க அமோனியாவைச் சேர்ப்பர். அது மிஞ்சினால் அமோனியங் குளோரைட்டுத் திண்ம உப்பாய்க் குழாயில் ஒட்டிக்கொண்டு அடியிலிருந்து அரிக்கும். மருந்தே நஞ்சாகும் நிலை. இரண்டாவது, இவ்வெல்லைகள் வருமானத்தோடு முட்டுகின்றன. சந்தையில் மண்ணெண்ணெய்க்கும் டீசலுக்கும் விலை கூடினால், உச்சி வெப்பநிலையைச் சில பாகை தாழ்த்தி அவற்றைக் கூடுதலாகப் பெற விரும்புவர். அச்சில பாகைக்குள்ளேதான் முதல் நீர்த்துளி காத்திருக்கின்றது. எல்லை வகுக்கும் மேசையில் உற்பத்திப் பிரிவினரும் அரிப்பறிந்த பொறியியலாளரும் ஆய்கூடத்தாரும் ஒன்றாய் அமர வேண்டும் என்பதன் காரணம் இதுவே. ஒருவர் தனித்து வகுத்த எல்லையை மற்றவர் மதியார்.

கோபுரத்தின் அடிப்பாகத்துக்கு வந்தால் பகைவன் வேறு. 260 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் கந்தகமே நேராக உருக்கைத் தின்னத் தொடங்கும். ஒரு கணக்கைப் பார்ப்போம். குழாயொன்றில் அரிப்புக்கென ஒதுக்கிய தடிப்பு 3 மில்லிமீற்றர் என்று கொள்க. ஆண்டுக்கு 0.1 மில்லிமீற்றர் தேய்ந்தால் அது 30 ஆண்டு நிற்கும். வெப்பமும் கந்தகமும் கூடித் தேய்வு ஆண்டுக்கு 0.5 மில்லிமீற்றர் ஆனால் ஆயுள் 6 ஆண்டு. நான்காண்டுக்கொருமுறை குழாயை அளக்கும் வழக்கமுள்ள ஆலையில், முதலாவது நிலை கவலையற்றது. இரண்டாவதில் ஓர் அளவையைத் தவறவிட்டாலே ஆயுள் முடிந்துவிடும். ஆகவே எல்லை என்பது உலோகத்துக்கு மட்டும் உரிய எண்ணன்று. அடுத்த பரிசோதனை எப்போது என்பதும் அதனுள் அடங்கியிருக்கின்றது. பரிசோதகர் ஓர் வேகத்தை நம்பித் திகதி குறிக்கின்றார். இயக்குபவர் அவ்வேகத்தை மாற்றிவிட்டுச் சொல்லாதிருந்தால் அத்திகதி பொய்த்துவிடும்.

கலிபோர்ணியாவின் றிச்மண்ட் நகரிலுள்ள செவ்ரோன் சுத்திகரிப்பு நிலையத்தில் 2012ஆம் ஆண்டு ஓகத்து 6ஆம் நாள் நடந்தது இதற்குச் சான்று. அங்கே எண்ணெயின் கந்தக அளவு ஆண்டாண்டாகக் கூடிவந்தது. ஆயினும் ஆலை வகுத்துக்கொண்ட உச்ச எல்லையை அது தாண்டவில்லை. 1976இல் பொருத்திய குழாயின் ஒரு துண்டில் மட்டும் சிலிக்கன் மிகக் குறைவு. சிலிக்கன் குறைந்த உருக்கை வெப்பக் கந்தகம் விரைந்து தின்னும். அத்துண்டின் அயற்பாகங்கள் ஓரளவு தடிப்போடு நிற்க, அது மட்டும் மெலிந்து பிளந்தது. சூழ்ந்தெழுந்த ஆவி முகிலுள் 19 தொழிலாளர் அகப்பட்டனர். தெய்வாதீனமாக அனைவரும் உயிர் தப்பினர். புகையால் ஏறக்குறைய 15,000 பேர் வைத்தியம் நாடினர். எல்லைக்குள் நின்றுகொண்டே எரிந்த ஆலை இது. வகுத்த எல்லை, ஆலை எவ்வளவு கந்தகத்தை ஏற்று இயங்கும் என்பதைச் சொன்னது; மிக நலிந்த குழாய்த்துண்டு எவ்வளவு பொறுக்கும் என்பதைச் சொல்லவில்லை. இரண்டும் ஒன்றென மயங்கலாகாது.

இனி, எல்லையை வகுத்துவிட்டால் அதனைக் காப்பது எப்படி? அளந்தாலன்றிக் காக்க முடியாது. கன்னியாவில் ஏழு கிணறுகள் அருகருகே இருப்பினும் ஒன்றின் சூடு மற்றொன்றின் சூடன்று என்பதை வாளியால் மொண்டு ஊற்றிக்கொண்ட எவரும் அறிவர். அங்கே உடம்பே வெப்பமானி. தடித்த உருக்குக் கலத்தின் உள்ளே, நூற்றுக்கணக்கான பாகையில், எந்த மூலை எவ்வளவு சூடானது என்பதை உடம்பு அறியாது. கருவி பொருத்தப்படாத இடத்தைக் கருவியும் அறியாது. அமெரிக்காவின் வாசிங்ரன் மாநிலத்தில் அனகோட்டிசு என்னுமிடத்தில் 2010ஆம் ஆண்டு ஏப்பிரல் 2ஆம் நாள் வெப்பமாற்றிக் கலமொன்று வெடித்து எழுவர் மாண்டனர். வெப்பமிகுந்த ஐதரசன் உருக்கினுட் புகுந்து, அதிலுள்ள காபனோடு சேர்ந்து, நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கியிருந்தது. அத்தகைய கேட்டுக்கு நெல்சன் வரைபு என்னும் எல்லைக்கோடு நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தது. கலத்தின் உண்மையான வெப்பநிலைகளை அளவாமல் மதிப்பீடாகவே கொண்டிருந்தனர். பின்னர் ஆராய்ந்தோர் கண்டது, கோட்டுக்குக் கீழே, தீங்கில்லையென நம்பப்பட்ட பகுதியிலேயே உருக்குக் கெட்டிருந்தது என்பதாம். அக்கோடு பின்னர் திருத்தப்பட்டது. நூலிலுள்ள கோடுகள் பிறர் பட்ட அனுபவத்தால் வரையப்பட்டவை; பட்டறியாத இடத்தில் அவை ஊகமே.

அளவையும் உண்மையானதாக இருத்தல் வேண்டும். நாம் ஒருகாற் பணிபுரிந்த ஆலையொன்றில், குளிர்நீரின் பீஎச் பெறுமானம் குறிப்பேட்டில் மாதக்கணக்காக, இரவிலும் பகலிலும், மழையிலும் வெயிலிலும் 6.0 என்றே எழுதப்பட்டிருந்ததைக் கண்டோம். வியப்புற்றுக் கருவியைத் திறந்து பார்த்தபோது அதன் கண்ணாடி மின்வாய் உடைந்து கிடந்தது. எழுதியவர்களைக் கடிந்துகொள்ள எமக்கு மனம் வரவில்லை. அவ்வெண் மாறினால் என்ன செய்ய வேண்டும் என்பதை அவர்களுக்கு எவரும் ஒருநாளும் சொன்னதில்லை. பயன் தெரியாத எண்ணை மனிதர் அக்கறையோடு எழுதார்.

ஆகவேதான் எல்லையோடு செயலும் நேரமும் சேர்த்தெழுதப்படல் வேண்டும் என்பர். அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகம் 2014இல் முதன்முதலாக வெளியிட்ட 584ஆம் இலக்க வழிகாட்டி, இத்தகைய எல்லைகளை மூன்று தரமாக வகுக்கின்றது. மீறினால் விரைவிற் பேரிடர் நேருமாயின், இயக்குபவர் எவரையும் கேளாமல் அக்கணமே செயற்பட வேண்டும். கேடு மெல்ல வருமாயின், குறித்த காலத்துள் நிலையைச் சீர்செய்தாற் போதும். நெடுநாளைக்குப் பின்னர் தெரியவரும் சிறு மாறுதல்களைப் பொறியியலாளருக்கு அறிவித்தல் அமையும். இப்பாகுபாட்டின் சிறப்பு, எல்லாவற்றையும் அவசரம் என்று கூவாதிருப்பதே. நூறு மணிகள் ஒருங்கே ஒலிக்கும் அறையில் எந்த மணிக்கும் காது கொடுப்பாரில்லை. மிகையாக எல்லை வகுத்தலும் வகுக்காதிருத்தலை ஒத்ததே என்பது எமது கருத்து.

என்றும் மீறப்பட்டே இருக்கும் எல்லையின் கதியைப் போபால் காட்டிற்று. அங்கே மெதயில் ஐசோசயனேற்றை 5 பாகைக்கு மேற்படாது குளிரவைக்க வேண்டுமென விதி இருந்தது. குளிரூட்டியை 1984ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலேயே நிறுத்திவிட்டனர். அந்நாள் முதல் வெப்பநிலை எப்போதும் எல்லைக்கு வெளியே நின்றது. எனவே அது எதனையும் எச்சரிக்கவில்லை. குளோரோபோம் அக்கலத்தில் 0.5 விழுக்காட்டுக்கு மிகாதிருக்க வேண்டும். பின்னர் மதிப்பிட்டபோது அதனிலும் பலமடங்கு இருந்ததாகக் கண்டனர். டிசம்பர் 2ஆம் நாளிரவு கலத்தினுள் நீர் புகுந்ததே பேரழிவின் தொடக்கம். அரிப்பு மூலகாரணம் அன்று. ஆயினும் மிகுந்திருந்த குளோரோபோமிலிருந்து அமிலம் பிறந்து, கறையில் உருக்காலான கலத்தை அரித்து, வெளிப்பட்ட இரும்பு தாக்கத்தை மேலும் விரைவுபடுத்தியது என்று ஆராய்ச்சியாளர் கூறினர். ஒன்றையொன்று பாராத இரண்டு சிறு மீறல்கள் அன்றிரவு கூடிக்கொண்டன.

நம் துறைமுகத்துக்கு மீள்வோம். சீனன்குடாக் குதங்களில் ஒரு பகுதியை 2003 முதல் லங்கா இந்தியன் எண்ணெய்க் கம்பனி பயன்படுத்தி வருகின்றது. 2022 சனவரியில் கைச்சாத்தான உடன்படிக்கையின்படி அக்கம்பனிக்கு 14, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இருசாராரும் கூடி அமைத்த நிறுவனத்துக்கு 61 எனக் குதங்கள் பகிரப்பட்டன. 2025 ஏப்பிரலில் இலங்கை, இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியம் ஆகிய மூன்றும் திருக்கோணமலையைச் சத்திவள மையமாக்குவது பற்றிய உடன்பாட்டில் கைச்சாத்திட்டன. இவை நிறைவேறுமாயின், வெறுங்குதம் என்ற நிலை மாறி, எண்ணெய் ஏறியிறங்கும் குதங்கள் நம்மைச் சூழ நிற்கும். நம் கல்லூரியில் இன்று இரசாயனம் படிக்கும் பிள்ளைகள் சிலர் அவற்றின் குறிப்பேடுகளை எழுதுவோராகவும் வருவர்.

குதம் உலையன்று, ஆயினும் அதற்கும் இயக்க எல்லைகள் உண்டு. எண்ணெயோடு வரும் நீர் குதத்தின் அடியில் தங்கும். ஒட்சிசன் அற்ற அந்நீரில் சல்பேற்றை உண்டு வாழும் நுண்ணுயிர்கள் பெருகி, அடித்தகட்டிற் குழிகுழியாய் அரிக்கும். மண்ணோடு ஒட்டிய வெளிப்புறத்தையோ உவர்நீர் தாக்கும். இதற்கு மின்முறைக் காப்பு அளிப்பர். செப்பு–செப்புச்சல்பேற்று மின்வாயோடு ஒப்பிட்டு, தகட்டின் அழுத்தம் மறை 0.85 வோற்று அளவில் இருந்தால் அரிப்பு அடங்கியதாகக் கொள்வர். கூடுதலாகக் கொடுத்தால் கூடுதல் காப்பு என்று எண்ணி மறை 1.2 வோற்றையும் கடந்து செல்வரேல், பூசிய பூச்சு உரிந்துவிடும்.

இம்முறையின் பிறப்பே கடற்படையைச் சார்ந்தது. அந்நாளில் நம் துறைமுகத்தில் நங்கூரமிட்ட பிரித்தானியப் போர்க்கப்பல்களின் அடிப்புறம் செப்புத்தகட்டால் போர்த்தப்பட்டிருந்தது. கடல்நீர் அதனை அரிப்பதைத் தடுக்க, 1824இல் சர் அம்பிரி டேவி இரும்பு, நாகத் துண்டுகளைச் செப்போடு பிணைத்தார். செப்பு கரைவது அறவே நின்றது. செப்பு சிறிது கரைந்தபடியால்தான் பாசியும் சிப்பியும் கப்பலை அணுகாதிருந்தன என்பது அதன் பின்னரே தெரிந்தது. முற்றக் காக்கப்பட்ட கப்பல்கள் பாசிபடர்ந்து வேகமிழந்தன. கடற்படையினர் துண்டுகளைக் கழற்றிவிட்டனர்.

சீனன்குடாவில் இன்று கடமையேற்பவருக்கு இவ்வளவும் ஒரு சிறு வேலையாகவே வந்து சேரும். அளவைநாடாவின் நுனியில் நீர்காட்டும் பசையைப் பூசி, குதத்தின் அடிவரை இறக்கி, எடுத்துப் பார்த்தல். பசை நிறம் மாறிய உயரமே அடியிற் கிடக்கும் நீரின் உயரம். அவ்வுயரம் எத்தனை சென்ரிமீற்றரை எட்டினால் வடிவால்வைத் திறக்க வேண்டும், எத்தனை மணி நேரத்துள் திறக்க வேண்டும், அதனைத் திறக்க இரவுக் கடமையாளர் எவர் அனுமதியைப் பெறவேண்டும் அல்லது பெறவேண்டியதில்லை என்பவற்றை, வாடை மழை தொடங்குமுன் எழுதிக் குதத்தடியில் மாட்டிவைத்தல் வேண்டும்.